இசைத்தட்டில் இல்லாத பெயர்

1959 நவம்பரில் ஒரு மாலை, மலாக்கா நகரத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் தட்டெழுத்து வேலை பார்த்த கமலவேணி, மழையில் பஸ்ஸுக்காக நின்றாள். மூன்று பஸ்கள் நிற்காமல், சேற்றை அவள்மேல் வாரியடித்துவிட்டுப் போயின. காஜா பேராங்கிலிருந்த வீடுவரை நடந்தே வந்தாள். வழியெல்லாம் பஸ்காரர்களைத் திட்டினாள். வீடு நெருங்குகையில் அந்தத் திட்டு ஒரு பாட்டாகியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பிராஜா ராக் குழு ஒன்று வைத்திருந்தான். கிட்டார் வாசித்தவன், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழிவந்த சிட்டி சமூகத்துத் தேவதாஸ். வீட்டில் மலாய்தான் பேசுவான், தமிழ் அரைகுறை. கமலவேணி ஈர உடையோடே அங்கே போய், எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே பாடிக் காட்டினாள். உன் கண்ணில் நான் படவில்லையா என்று பஸ்ஸைக் கேட்கும் பாட்டு. தம்பிராஜா அதை மெதுவாக, சோகமாக இழுத்தான்.

"அப்படி வேணாம் அண்ணே. நான் அழல, கோவத்துல இருக்கேன்" என்று சொல்லி மேசையைப் படபடவென்று தட்டினாள். தேவதாஸ் அந்தத் தட்டுக்கே கிட்டாரை விரட்டினான். பாட்டு பிறந்தது.

ஒலிப்பதிவு சிங்கப்பூரில். நான்கு ஆண்களோடு மகளை அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. இசைத்தட்டில் தன் பெயரைப் போடச் சொன்னாள் கமலவேணி. தம்பிராஜா தலையாட்டிவிட்டுப் போனான்.

சில மாதங்களில் செமாபோக் காப்பிக் கடை முதல் புக்கிட் ரம்பாய் கல்யாண வீடு வரை அந்தப் பாட்டுதான். நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்த்து ஜனங்கள் கூட்டமாக அதைப் பாடினார்கள். நகரத்துக் கடையொன்றில் கமலவேணி தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள். சொல்லும் இசையும் தம்பிராஜா என்று அச்சாகியிருந்தது.

கேட்கப் போனாள். அவன் முகத்தைக் கூடத் திருப்பவில்லை.

"பொம்பள பேரு போட்டா ராக் பாட்டுன்னு எவன் நம்புவான்? ஊரே பாடுதுல்ல, அது போதாதா உனக்கு?"

அவளுக்குப் போதவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். தட்டிலுள்ள விவரம் சரியானதே என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அடுத்த ஆகஸ்டில், பாட்டு பிறந்த கதையைத் தம்பிராஜா வானொலியில் சொன்னான். மழை, மூன்று பஸ்கள், மேல் அடித்த சேறு எல்லாமே தனக்கு நடந்ததாகச் சொன்னான். பாட்டை எடுத்துக்கொண்டவன் அவள் நனைந்ததையும் விட்டுவைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கமலவேணி வானொலியை அணைத்தாள்.

மாதக் கடைசியில், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளன்று திடலில் அவனுடைய குழு பாட வந்தது. அந்தப் பாட்டின் முதல் வரி முடியுமுன் கமலவேணி மேடையேறி, அந்த மூன்று பஸ்களும் எந்த இடத்தில் நிற்காமல் போயின என்று ஒலிபெருக்கியிலேயே அவனைக் கேட்டாள். அவளை இறக்கிவிடும்படி ஆட்களுக்குக் கை காட்டினான். அப்போது தேவதாஸ் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"கமலா புன்யா லாகு" என்றான். கமலாவின் பாட்டு இது என்று மலாயில் அவன் சொன்னது திடல் முழுக்கக் கேட்டது.

கூட்டம் கை தட்டியது. தம்பிராஜா வேறு பாட்டுக்குத் தாவினான். மறுநாளே தேவதாஸைக் குழுவிலிருந்து நீக்கினான்.

மறுபடி அச்சான தட்டிலும் தம்பிராஜாவின் பெயரே இருந்தது. கமலவேணியும் தேவதாஸும் புதுப் பாட்டொன்று கட்டினார்கள். இந்தத் தடவை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவளே சிங்கப்பூர் போய், பெயர் சரியாக அச்சேறும் வரை கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தட்டை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பழைய பாட்டோ ஓயவில்லை. பள்ளிக்கூட விழாவிலும் கல்யாண வீட்டிலும் அதைப் பாடி முடித்துத் தம்பிராஜாவுக்கு நன்றி சொல்வார்கள். கமலவேணி அங்கே இருந்தால் சும்மா இருப்பதில்லை. எழுந்து நிற்பாள்.

"எழுதினது நான்" என்பாள். "நல்லா கேட்டுக்குங்க."