பதினொன்றாவது விதி

என் சைக்கிளை யாரும் திருடவில்லை. அதன் சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். முழுசாகப் போயிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அந்த ரோஷத்தில்தான் வாசலில் கேமரா மாட்டினேன்.

அதே மாதம் காவல் நிலையத்திலிருந்து நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. வீட்டுக் கேமராக்களை அவர்களோடு இணைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் படிவம். அதை வடிவமைத்தவன் அடியேன்தான். கொடுத்த காகிதத்தில் பதினொரு விதிகள். ஒரு பக்கத்தில் பத்துக்கு மேல் அடங்கவில்லை. "ஏதாவது ஒண்ணைத் தூக்கிடுப்பா" என்றார் முதலாளி. கடைசியில் இருந்ததைத் தூக்கினேன். படிக்கவில்லை. அச்சாகி வந்த முதல் தாளில் நானே கையெழுத்தும் போட்டேன். வரிசை எண் 001. பெருமையில் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தங்கை ஒரு பச்சைப் பையோடு வந்து நின்றாள். கடைக்குப் போனாலும் நிமிஷக் கணக்குக் கேட்கும் கணவனை விட்டுவிட்டு வந்திருந்தாள். "யாருக்கும் பதில் சொல்லாம போகணும், வரணும். வேற ஒண்ணும் வேணாம்ணா" என்றாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வேலையும் தேடிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் போனை என் முன்னால் நீட்டினாள். கணவன் அனுப்பியிருந்தான்: 'எட்டு பத்துக்குக் கிளம்புற. தண்ணி பாட்டிலை மறந்துட்டுத் திரும்ப ஓடி வர்ற. நேத்து சாயந்திரம் ஏழு நிமிஷம் லேட்.'

"நீ சொன்னியாண்ணா?"

"நானா? அவர்கூட நான் கடைசியா பேசினது உன் கல்யாண போட்டோவுல. அதுவும் 'கொஞ்சம் தள்ளுங்க'ன்னு."

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உடனே ஒயரைப் பிடுங்கினேன்.

அரை மணி நேரத்தில் ஒரு இளம் காவலர் வந்தார். "ஏழாவது விதி சார். இணைப்பு போச்சுன்னா நாங்க நேர்ல வந்து பார்க்கணும்" என்று ஒயரைத் திரும்பச் செருகினார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றார்.

தங்கை முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காவலர் அவள் கணவனோடு ஒரே பெஞ்சில் படித்தவராம்.

நான் காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே வயதான எழுத்தர் ஒருவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க வாங்க, ஜீரோ ஜீரோ ஒண்ணு. உங்க வீடுதான் ரொம்பத் தெளிவா தெரியுது. பால் பாக்கெட்டைக் குனிஞ்சு எடுக்காம கால் கட்டைவிரல்லயே உள்ள இழுக்கிறீங்க பாருங்க, எங்களுக்குக் காலைல அதான் பொழுதுபோக்கு."

"இணைப்பை எடுத்துடணும் சார்."

"எடுக்கவா?" படிவத்தை எடுத்து விரல்விட்டு எண்ணினார். "பத்து விதி இருக்கு. குடுக்கறதுக்குத்தான் இருக்கு, திரும்ப வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி. இல்லாத விதிக்கு நான் எங்க போவேன்?"

அச்சகத்துக்குப் போய்ப் பழைய கட்டுகளைக் கிளறி அந்த மூலக் காகிதத்தை எடுத்தேன். பதினொன்று: 'கையெழுத்திட்டவர் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.' அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில், 'இடமில்லை'.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்கூல்ல கேள்வித்தாளையும் நீ கடைசி வரைக்கும் படிச்சதில்லை" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பச்சைப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அச்சகத்தில் உட்கார்ந்து 'சம்மதம் திரும்பப் பெறும் படிவம்' என்று ஒன்று செய்தேன். பெயர், முகவரி, காரணம், கீழே 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு கட்டம்.

முதலாளி தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "யாருப்பா கேட்டாங்க இதை?"

"நான்தான் சார்."

குனிந்து படிவத்தைப் பார்த்தார். "ஓரத்துக் கோட்டை இன்னும் அழுத்தமாப் போடு. கோடு தடிமனா இருந்தாத்தான் ஆபீஸ்ல நம்புவாங்க."

மறுநாள் காலை தங்கையும் கூட வந்தாள். படிவத்தைப் பார்த்ததும் எழுத்தர் முகம் தெளிந்தது. "இப்படி ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னையே கடிந்துகொண்டார். "ம், காரணம் எழுதணும். யார் எழுதறது?"

நான் பேனாவைத் தேடுவதற்குள் தங்கை எடுத்துவிட்டாள். உள்ளறையில் திரைகளின் முன்னால் அந்த இளம் காவலர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

காரணத்துக்கு நான் விட்டிருந்தது ஒரே ஒரு வரி. பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. அவள் அந்த வரியை முடித்து, ஓரத்தில் இறங்கி, தடித்த கோட்டைத் தாண்டி, அலுவலகக் கட்டத்துக்குள்ளும் புகுந்து எழுதினாள். தலைகீழாகவே சில சொற்கள் எனக்குத் தெரிந்தன: எட்டு பத்து. பாட்டில். ஏழு நிமிஷம். அண்ணி.

"இடம் பத்தலை சார். பின்பக்கம் எழுதலாமா?"

அவள் எழுதியிருந்ததை எழுத்தர் மெல்லப் படித்தார். உள்ளறையை ஒரு முறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பின்பக்கமும் எழுதினா இது புகாரா ஆயிடும்மா."

"ஆகட்டும் சார்" என்று தாளைத் திருப்பினாள்.

நல்லவேளை, அந்தப் பக்கத்தில் நான் ஒன்றுமே அச்சடித்திருக்கவில்லை.