எர்மிலா வாங்கிய பூங்கொத்து

அன்று காலை காஸ்பர் வேனைக் கழுவவில்லை. நாளைக்குப் பன்றி ஏற்றப்போகிற வண்டியைக் கழுவுவது வெட்டி வேலை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தான். கழுவியவள் நெல்சி. இருட்டோடு எழுந்து, குழாயைப் பிடித்து, சக்கரத்துச் சேறு வரை தேய்த்துக் கழுவினாள். பக்கவாட்டில் தன் கையாலேயே எழுதிய ‘குறைந்த செலவில் கோயிலும் கிணறும்’ என்ற வரியை மட்டும் துணியால் இரண்டு தடவை துடைத்தாள்.

அந்த வேன் நெல்சியின் அப்பா தன் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து விட்டுப்போனது. மூத்தவள் லான்டியைக் கட்டியவன் காஸ்பர். ஷ்கன்துன் ஊரிலேயே பெரிய பன்றிப் பட்டி அவனுடையது. அதற்கு ஒரு வண்டி இருந்தால் எப்படியிருக்கும் என்று மாமனார் அடக்கத்தன்றைக்கே யோசித்துவிட்ட ஆள். இளையவள் நெல்சி கடற்கரை ஹோட்டலில் வருஷக்கணக்காக அடுத்தவன் படுத்த விரிப்பைத் துவைத்தவள். துவைத்துக்கொண்டே படித்து, சுற்றுலா வழிகாட்டி அட்டை வாங்கி, ‘இனி ஒருத்தன் விரிப்பையும் தொட மாட்டேன்’ என்று ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஆனால் என்ன செய்ய, குளிரூட்டிய பெரிய பஸ்கள் இருக்கும்போது இந்த ஓட்டை வேனில் யார் ஏறுவார்கள்? மூன்று ஞாயிற்றுக்கிழமை அது காலி இருக்கையோடுதான் போய்வந்தது.

நான்காவது தடவைதான் ஆறு பேர் கிடைத்தார்கள். அன்று வனத்து அந்தோணியார் திருவிழா வேறு. காஸ்பர் ஆரஞ்சுத் தோலை ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் பேச்சை எடுத்தான்.

“இந்த ஆறு பேர்ல ஒரே ஒருத்தர், ‘நான் திரும்ப வருவேன்’னு வாயால சொல்லட்டும், கொழுந்தியா. அதுக்கப்புறம் வேனைப் பத்தி நான் பேச்சே எடுக்க மாட்டேன். சொல்லலேன்னா, நாளைக்குக் காலையில சீட்டு எல்லாத்தையும் கழட்டிடுவேன். அக்கா முன்னாடி சொல்லு, சரியா?”

“சரி மச்சான்.”

வாசலில் நின்ற லான்டி தங்கையை முறைத்தாள். முறைக்காமல் என்ன செய்வாள்? மலிவுச் சுற்றுலாவுக்கு ஒரே ஆள் இரண்டு தடவை வந்ததாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? வருவார்கள், பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். அது தெரிந்துதான் காஸ்பர் அப்படி ஒரு நிபந்தனை போட்டான். வேறு வழியில்லாமல்தான் நெல்சியும் ஒத்துக்கொண்டாள்.

பக்கத்து நகரமான வயாதோலித்தின் சதுக்கத்தில் ஆறு பேரும் ஏறினார்கள். புவெப்லா நகரத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி, மூக்கு நுனி தோலுரிந்த இரண்டு ஜெர்மன் மாணவிகள், ஏறிய நிமிஷமே தூங்கிப்போன ஓய்வுபெற்ற தபால்காரர் ரூபேன். கடைசியாக எர்மிலா.

எர்மிலா காம்பெச்சே கடற்கரையில் மீன் விற்பவள். அறுபதைத் தாண்டியவள், குரலுக்கு மட்டும் இருபது. வயாதோலித்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஒரு பகலாவது வீட்டில் நிம்மதி இருக்கட்டும் என்று மகளே டிக்கெட் வாங்கி அனுப்பிவைத்துவிட்டாள். எர்மிலாவுக்கு அது தெரிந்தும் இருந்தது. அந்தக் கோபத்தை எல்லாம் அவள் வேன்மீது இறக்கினாள். அவள் உட்கார்ந்த மூன்றாவது வரிசை ஜன்னல் மூடாது. தை மாதத்து வடகாற்று நேரே அவள் காதுக்குள் போயிற்று.

இது வேனா, மீன் உலர்த்துகிற பரணா என்று கேட்டாள். இருக்கையில் கம்பி குத்துகிறது என்றாள். கொடுத்த தண்ணீர் போத்தல் சின்னது என்றாள். ஓட்டுகிறவன் பள்ளத்தைத் தேடித் தேடி விடுகிறான் என்றாள், அது உண்மையுங்கூட. ஒவ்வொரு புகாருக்கும் காஸ்பர் கண்ணாடியில் கொழுந்தியாளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். நெல்சி தன் மேல்சட்டையைக் கழற்றி ஜன்னல் இடுக்கில் செருகினாள். முகத்தில் சிரிப்பை மட்டும் விடவில்லை.

ஏக் பாலாம் என்கிற பழைய மாயா கோயிலில் படியேற அனுமதி இருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே பாதிவழியில், பல் வரிசையோடு திறந்த பெரிய வாயாகவே ஒரு வாசலைச் சுதையில் செய்துவைத்திருக்கிறார்கள். மாணவிகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, எர்மிலா ரப்பர் செருப்போடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

“என் மூத்த மருமகளை இதைச் செஞ்சவனுக்கு எப்படித் தெரியும்?” என்று அந்த வாயைக் காட்டிக் கேட்டாள்.

புதுமணப்பெண் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாணவிகளில் ஒருத்தி, இதைக் கட்டிய மாயா மக்கள் எங்கே போய்விட்டார்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எங்கும் போகவில்லை, ஒருத்தர் கீழே வேனில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், இன்னொருத்தர் ஜன்னலைச் சரிசெய்யாமல் ஆரஞ்சு தின்றுகொண்டிருக்கிறார், மூன்றாவது ஆள் உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றாள் நெல்சி. எர்மிலா அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பாராட்டா, அடுத்த புகாருக்கான தயாரிப்பா என்று தெரியவில்லை.

அடுத்தது குகைக்குள்ளே இருக்கிற பெரிய கிணறு, செனோத்தே. மற்றவர்கள் மிதவைச் சட்டையோடு அந்த நீலத்தண்ணீரில் குதித்துக் கூத்தடித்தார்கள். தபால்காரர்கூடத் தூக்கம் கலைந்து மல்லாந்து மிதந்தார். எர்மிலா இறங்க மாட்டேன் என்றாள். வீட்டில் கடலே கிடக்கிறது, இதென்ன கிணற்றில் இறங்குவது என்று ஏணியில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தாள். கடைசியில், தண்ணீர் நல்லாத்தான் இருக்கு என்று யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். ‘திரும்ப வருவேன்’ என்று மட்டும் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. தம்பதி அடுத்து பனிமலை பார்க்கப் போகிறார்களாம். மாணவிகளுக்கு அந்த வாரமே விமானம். தபால்காரருக்கு எங்கே போனாலும் ஒன்றுதான்.

சாப்பாடு நெல்சியின் ஊரில், அக்கா லான்டி கையால். விருந்துக்கூடத்துக்குக் கூட்டிப்போகக் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். ஆனால் லான்டி மண்ணடுப்பில் போட்ட பன்றிக்கறிக்கு எந்த விருந்துக்கூடமும் கால்தூசி. இவர்கள் வருவதற்குள் திருவிழா ஊர்வலம் கோயிலை அடைந்துவிடும், தெரு காலியாக இருக்கும் என்று நெல்சி கணக்குப் போட்டிருந்தாள். எக்காளம் ஊதுகிறவன் தாமதமாக வந்துசேர்வான் என்பதை யார் கண்டது? வேன் கடைத்தெருவில் திரும்பியபோது மொத்த ஊர்வலமும் முன்னால் ஆடிக்கொண்டு போனது. ஊர்வலத்தை முந்தி எந்த வண்டியும் போகக்கூடாது. காஸ்பர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டான்.

“பசிக்குதுடி பொண்ணே” என்றாள் எர்மிலா. “உங்க சாமி சாப்பிட்டுட்டாரா?”

வேறென்ன செய்வது, எல்லோரையும் இறக்கி ஊர்வலத்தோடு நடத்திக் கூட்டிப்போனாள் நெல்சி.

முன்னால் ஒருவன் தலையில் மேசை. மேசைமேல் வெந்த பன்றித்தலை, வாயில் ஒரு ரொட்டி, சுற்றிலும் நிறநிறமாக நாடா. நாடா நுனியைப் பிடித்துக்கொண்டு பூத்தையல் அங்கி போட்ட பெண்கள் சுற்றிச்சுற்றி ஆடினார்கள். பின்னால் ஒரு கிழவர் சுரைக்குடுக்கையில் சோளத்தைக் குலுக்கி, பன்றியைத் தீனிக்குக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக்கொண்டு போனார். யாரோ மாணவிகள் கையில் இரண்டு நாடாவைக் கொடுத்தார்கள், அவர்கள் தப்புத்தப்பாக ஆடினார்கள், ஊரே கைதட்டியது. புதுமாப்பிள்ளை மேளக்காரனுக்குப் பக்கத்தில் போய்க் குதித்தான். நெல்சிக்கே ஒரு நிமிஷம் வேன் மறந்துபோயிற்று. அந்த ஒரு நிமிஷம்தான் வினையாயிற்று.

ஆட்டம் கோயில் வாசலில் முடிந்ததும், திருவிழாப் பொறுப்பாளர் தோன் செபெரினோ காகிதப் பூங்கொத்து ஒன்றைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார். அதை வாங்குகிற ஆள்தான் அடுத்த வருஷம் பன்றி கொடுக்கவேண்டும். ஊருக்குச் சோறும் போடவேண்டும். சாமி முன்னால் வாங்கிய பூவைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஷ்கன்துனில் நடைபழகும் குழந்தைக்குக்கூட முதலில் சொல்லித்தருவது, அந்தப் பூவைத் தொடாதே என்பதுதான். யார் வாங்குவது என்று முன்கூட்டியே பேசிவைத்துவிடுவார்கள். இந்த வருஷம் பேசிவைத்த ஆள் கடற்கரையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதனால் தோன் செபெரினோ பூவை நீட்டிக்கொண்டு நிற்க, ஊரே குனிந்து தன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்றி விற்கிற விலையில் யார் துணிவார்கள்? வேனை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருந்த காஸ்பர்கூட வானத்தைப் பார்த்தான். தோன் செபெரினோ பூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

எர்மிலாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பூங்கொத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒரு பெரிய மனுஷன் பூ நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, வாங்க ஒரு நாதி இல்ல” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “என்ன ஊருய்யா இது?”

உடனே வாணம் வெடித்தது. எக்காளம் ஊதியது. அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது, வாங்கியது யாரென்று. சத்தம் அப்படியே அடங்கிப்போயிற்று.

நெல்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆறு பேருக்கும் வெயில் சொன்னாள், வழுக்கும் படி சொன்னாள், எந்த மிளகாய் காரம் என்பதுகூடச் சொன்னாள். இதைச் சொல்ல மறந்தாளே, பாவி. இனி இந்த அம்மாள் போடப்போகிற கூச்சல் வயாதோலித் வரைக்கும் கேட்குமே.

காஸ்பர் அவள் காதருகே வந்தான். அம்மாவைச் சத்தமில்லாமல் வண்டியில் ஏற்றிவிடு, போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் யார் தேடப்போகிறார்கள் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தோன் செபெரினோவின் முகத்தைப் பார்த்துவிட்டு நெல்சியால் அப்படிச் செய்ய முடியவில்லை. எர்மிலா முன்னால் போய் நின்று, அந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று ஊரார் காதுபட முழுக்கச் சொன்னாள்.

“தப்பு என்னோடதுதாம்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். பூவை என்கிட்ட கொடுத்துடுங்க. உங்க சார்பா பன்றியை நான் கொடுத்துடறேன்.”

எங்கிருந்து கொடுப்பாள்? வேனில் அவளுக்குள்ள பாதியை மச்சானிடம் விட்டுக்கொடுத்தால்தான் பன்றி கிடைக்கும். அது ஊருக்கே தெரியும். காஸ்பர் வாயெல்லாம் பல்லாக நின்றான். கூட்டத்தின் ஓரத்தில் லான்டி சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எர்மிலா பூங்கொத்தைப் பார்த்தாள். நெல்சியின் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“எடு கையை. எங்க துறையில மாதாவைப் படகுல ஏத்திக் கடலைச் சுத்திக் கொண்டு வருவோம். மாதா பல்லக்குக் கட்டையைத் தோள்ல வாங்கினவ பாதியில இறக்கி வெக்க மாட்டா. நான் நாலு தடவை தூக்கியிருக்கேன், என் தோளைத் தொட்டுப் பாரு. என் கையால வாங்கினேன், என் கையாலதான் கொடுப்பேன். என் வீட்டுல எல்லாரும் என்னை எங்கேயாவது அனுப்பத்தான் பாக்குறாளுக. ஒரு ஊரு என்னை வான்னு கூப்பிடுது, நான் மாட்டேன்னு சொல்லுவேனா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அடுத்த வருஷம் திருவிழாவுக்குத் திரும்ப வருவேன். இதே வேன்ல. அந்த ஜன்னலை மட்டும் சரிபண்ணி வை.”

எத்தனையோ வருஷமாக அந்த வாசல் கேட்டிராத சத்தம் எழுந்தது. தோன் செபெரினோ எர்மிலாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எக்காளக்காரன் தாமதமாக வந்த பாவத்துக்கு மூச்சு முட்ட ஊதினான். புதுமணத் தம்பதி, அம்மாவுக்குப் பரிமாற நாங்களும் வருவோம், பனிமலை எங்கே ஓடிவிடப்போகிறது என்றார்கள். தபால்காரர் ரூபேன் அன்றைக்கு முதல்தடவையாக வாயைத் திறந்து, தனக்கும் ஓர் இடம் போட்டுவைக்கச் சொன்னார். நெல்சி அழுதாள், சிரித்தாள், எர்மிலாவைக் கட்டிப்பிடித்துப் பூங்கொத்தை நசுக்கிவிட்டாள்.

லான்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே புருஷனிடம் வந்தாள்.

“காதுல விழுந்துச்சா? ‘திரும்ப வருவேன்’னு சொன்னாங்க.”

“விழுந்துச்சு, விழுந்துச்சு” என்றான் காஸ்பர்.

அத்தோடு விட்டாளா எர்மிலா? இந்த ஊரில் நல்ல பன்றி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். ஊரே திரும்பி காஸ்பரைக் கைகாட்டியது. அட, பள்ளம் தேடி ஓட்டினவனா என்றாள். சாப்பாடு ஆனதும் அவனுடைய பட்டிக்கே போய், குட்டி குட்டியாகத் தூக்கிப் பார்த்து, ஒரு காது கறுத்த குட்டியைப் பொறுக்கி எடுத்தாள். முன்பணத்தை அவன் கையில் திணித்து, தீனி குறைந்தது என்று கேள்விப்பட்டால் நடுவில் ஒரு நடை வந்து பார்ப்பேன் என்று மிரட்டினாள். காஸ்பர் பணத்தையும் குட்டியையும் மாறிமாறிப் பார்த்தான். கோபப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வேன் நிற்கிற கொட்டகையில் திருகாணி கழற்றுகிற சத்தம் கேட்டு நெல்சி பதறிப்போய் ஓடினாள். வேனுக்குள்ளே காஸ்பர் திருப்புளியோடு மண்டியிட்டிருந்தான். இருக்கைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்றாவது வரிசை ஜன்னலைத்தான் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அந்தப் பொம்பளை சொன்ன மாதிரி நடுவுல வந்தாலும் வந்துடும்” என்றான், திரும்பிப் பார்க்காமல். “நிக்காதே கொழுந்தியா, இந்தப் பக்கம் புடி.”