இடது பக்கம் திருப்பும்போது

...புது லைட்டாக இருக்க முடியாது, அதைத்தான் கழற்றித் தரையில் வைத்தாயிற்றே, ரிலேயும் இல்லை, ரிலேக்குப் போன வயரையும் உருவி எடுத்தாயிற்று, அதற்குப் பிறகும் ஃபியூஸ் போகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து மூன்று ஃபியூஸ். ஆனி மாதச் சாரலில் சாயங்காலம் குலசேகரம் ரோட்டில் எதிரே வருகிறவன் முகமே தெரிவதில்லை, வண்டிக்கு முன்னால் இரண்டு மஞ்சள் எல்இடி மாட்டிவிடலாம் என்று உட்கார்ந்தவன் நான், பதினொரு மணிக்கு முடிந்துவிடும் என்று பெண்டாட்டி ஷீஜாவிடம் சொன்னேன், இப்போது பத்து மணிக்குப் போட்ட சாயா ஆடை கட்டிக் கிடக்கிறது. மஸ்கட்டில் பதினாலு வருடம் மாடி மாடியாக வயர் இழுத்தவனுக்கு வீட்டு முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணி காட்டுகிறது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பதறாதே செல்வா, ஒவ்வொன்றாகப் பார். ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை மாட்டு. எங்காவது கரண்டு ஃபிரேமில் இறங்கினால் ஃபியூஸ் போவதற்குப் பதில் பல்பு எரியும், எரிந்துகொண்டே இருக்கும், நிதானமாகத் தேடலாம். மாட்டினேன். எரியவில்லை. சாவியே போடவில்லையே, எப்படி எரியும், முதலில் இப்படியே இருக்கட்டும் என்று ஹேண்டிலைப் பிடித்து எழுந்தேன், அது என் பாரத்தில் இடது பக்கம் திரும்பியது, பல்பு பளிச்சென்று எரிந்தது.

சாவி போடாத வண்டியில். வலது பக்கம் திருப்பினேன், அணைந்தது. இடது, எரிந்தது. சாவியைத் தாண்டி, எந்த ஸ்விட்சுக்கும் கட்டுப்படாமல், பேட்டரிப் பக்கத்திலிருந்து நேராக முன்னால் போகிற வயர் எதையும் கம்பெனிக்காரன் போட மாட்டான். போட்டது நான். கேரல் வயர். எங்கள் சபையில் டிசம்பர் மாதம் வீடு வீடாகப் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் முன்னால் என் வண்டியில் ஸ்டார், பின்னால் தம்பி சிஜின் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி, இரண்டுக்கும் கரண்டு வண்டி பேட்டரியிலிருந்து, டேங்குக்கு அடியில் ஒரு வயரைக் கொண்டுபோய் ஹேண்டிலில் முனையை விடுவேன். சீசன் முடிந்ததும் முனையை வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவது, அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வேண்டுமே, வருடத்துக்கு இரண்டு தடவை டேங்கைத் தூக்க யாருக்கு முடியும். சபையில் பாதிப் பேர் வண்டியில் இப்படி ஒரு வயர் தூங்குகிறது. டேங்கைத் தூக்கினேன். இருந்தது. ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் உரசி உரசித் தோல் போய் செம்பு தெரிகிறது, ஃபிரேமில் கறுப்பாக ஒரு பொட்டு. அப்பாடா. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நானே சிரித்துக்கொள்ளவும் செய்தேன்.

சிஜின் வண்டியும் இதே மாடல்தானே. அதே கை, அதே வயர், அதே கழுத்து... அதிலும் உரசியிருக்கும். உரசட்டும், ஃபியூஸ் போகும், வண்டி நின்றுவிடும், தள்ளிக்கொண்டு வருவான், அதற்குத்தானே ஃபியூஸ். ஃபியூஸ்... அன்றைக்குக் கேரல் ராத்திரியில் அவன் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி கரண்டைக் குடித்த குடியில் மூன்றாவது வீட்டிலேயே கையிலிருந்த ஃபியூஸ் எல்லாம் தீர்ந்தது, உள்ளே சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை முடிக்கப் போகிறார், "செல்வண்ணா, பாட்டு எடுக்கணும், சீக்கிரம்" என்று ஆள் ஆளாகக் கத்தினார்கள், நான் எரிந்துபோன ஃபியூஸின் இரண்டு காலிலும் செம்புக் கம்பியைப் பிரித்துச் சுற்றி அப்படியே திருப்பிச் சொருகினேன். வீட்டு மெயினில் கட்டுகிற கட்டு. நாளைக்கு மாற்றிவிடலாம் என்றேன். யாரிடம் சொன்னேன், எனக்கு நானேதான் சொன்னேன், அது டிசம்பர், இது ஜூன். செம்புக் கம்பி போகாது. அது போகாததால் வயர் போகும், பழுத்துப்போகும், தோல் உருகும், மேலே பெட்ரோல் டேங்க். அந்த டேங்கில்தான் இன்று காலையில் சிஜின் மகள் ஸ்மைலின் உட்கார்ந்து போனாள், நாலு வயது, இரண்டு கையாலும் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அவள் அம்மா ஜெனிலா மடியில் பலகாரப் பையோடு, ஆரல்வாய்மொழியில் அவளுடைய தங்கைக்கு நிச்சயம், "போயிட்டு வாறோம் அண்ணா" என்று சிஜின் நம் வீட்டு கேட்டில் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

சிஜினைப் போனில் விளித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும். வண்டியில் போகிறவன் எப்படி எடுப்பான், இந்த மாதத்தில் காற்று ஊளையிடுகிற இடம் அது, காதில் எங்கே விழும், ஜெனிலா நம்பருக்கு அடிக்கலாம் என்றால் அந்த நம்பர் என்னிடம் இல்லை, ஆறு வருடமாகத் தம்பி பெண்டாட்டி, நம்பர் இல்லை. ஏன் இல்லை? வீடுதான், வேறென்ன. இளைய பிள்ளைக்கு வீடு, அது ஊர் வழக்கம், யாரும் என்னை ஏமாற்றவில்லை, அப்பா அதைப் புதிதாகச் சொல்லவும் இல்லை, ஆனால் அந்தச் சுவருக்குள் ஓடுகிற ஒவ்வொரு வயரும் நான் லீவில் வந்து இழுத்தது, மூத்தவன் இப்போது வாடகை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பல்பு பார்க்கிறான். எனக்கு எரிச்சல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல நான் பரிசுத்தவான் இல்லை. அது வேறு, இது வேறு. வேறுதானே? நேர் ரோட்டில் தொடாது, அதை நினைத்துக்கொள், முழுசாக இடது பக்கம் திருப்பினால்தான் தொடும், ரோட்டில் எவன் முழுசாகத் திருப்புகிறான், பயப்பட ஒன்றுமில்லை... நிறுத்தும்போது? சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் ஹேண்டில் தானாக இடது பக்கம்தான் விழும். எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை.

"யாருக்கு இப்பிடி விளிக்கிய?" என்று ஷீஜா அடுக்களை வாசலுக்கு வந்து கேட்டாள். "சும்மா, சிஜினுக்கு" என்றேன். சும்மாவா? அவளிடம்கூட ஏன் சொல்ல வாய் வரவில்லை? அதற்குள் போன் அடித்தது. "என்னண்ணா, மூணு மிஸ்டு கால் கெடக்கு?" பின்னால் பஸ் ஹாரன், யாரோ பூ விலை கூவுகிறார்கள். "எங்கல நிக்க?" "தோவாளைல. ஜெனிலா பூ வேங்கப் போயிருக்கா." "வண்டி?" "வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது." "மோளு எங்க?" "வண்டிமேலதான் இருக்கா, எறங்க மாட்டேங்கா." "ஏலே, ஓடு. மொதல்ல பிள்ளய எறக்கு. பெறகு ஹேண்டில நேரா ஆக்கு. ஒண்ணும் கேக்காத மக்கா, ஓடு!" செருப்புச் சத்தம், ஒரு லாரி, பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நான் என் வண்டியின் ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல். அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அந்த அழுகையைக் கேட்டு ஆண்டவரே என்றேன்.

"அண்ணா... டேங்குக்க அடியிலேருந்து பொகை வந்துச்சு. நேராக்கினதும் நிண்ணுட்டு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நான் வெடுக்குன்னு தூக்குனதுல பயந்துட்டா." பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னேன், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னேன், கம்பி சுற்றியதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது குரல் தானாக வேகமாகிவிட்டது. அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். "நீ விளிக்கலேன்னா என் பிள்ள..." என்று நிறுத்தினான், மூக்கை உறிஞ்சினான், பிறகு, "இத எப்பண்ணா கண்ட?" "இப்பதான்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஷீஜா கையைத் துடைத்துக்கொண்டே முற்றத்துக்கு இறங்கி வந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "ஆண்டவர் காப்பாத்தினாரு" என்றாள், கழற்றிப் போட்ட டேங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காலத்த அவன் கேட்டுல வண்டிய வளச்சப்ப எனக்கு ஒரு கரிஞ்ச மணம் வந்துச்சு. நீங்க பக்கத்துலதான நின்னிய, என்னவாவது இருந்தா நீங்க சொல்லுவியன்னு நானும் உள்ள போயிட்டேன்." யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வயர்த் தோல் கரிகிற மணமும் குப்பை மணமும் எனக்குக் குழம்புமா, பதினாலு வருடம் அந்த மணத்தைப் பிடித்துத்தானே சோறு தின்றேன்... மணம் வந்தது, என்ன மணம் என்றும் தெரிந்தது, பத்திரமாகப் போயிட்டு வா என்று கையைக்கூடக் காட்டினேன். அவன் வண்டி தெருமுனையில் மறைகிறவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக நான் அப்படி நிற்பதில்லை.