உவர் பூத்த வயல்

கதிரவன் உச்சியேறி, கழிமுகத்து நீரை உலைநீரெனக் காய்ச்சி, வரப்பின் வெடிப்புகளில் நண்டும் ஒதுங்க அஞ்சும் வெம்மையைப் பரப்பி நின்ற நண்பகல் அது. மழை பொய்த்த ஆண்டுகள் அடுக்கடுக்காய்க் கழிய, வெயிலோ ஆண்டுதோறும் கடுமை பூண்டு வர, ஆற்றின் நன்னீர் சுருங்கிக் கடல் உள்ளேறிய அக்கரையிலே, தந்தை விட்டுச்சென்ற விளைநிலத்தை ஓர் அக்காளும் தம்பியும் முன்னரே பகுத்துக்கொண்டிருந்தனர், நல்லீரே. கீழ்ப்பாதியில் அவள் நெல் விளைத்தாள். மேற்பாதியைத் தோண்டிக் குட்டையாக்கி, உப்புநீர் இறைத்து நிரப்பி, இறால் வளர்த்தான் அவன்.

அவ்வாண்டின் கொடுவெயிலில் குட்டைநீர் சூடேற, இறால் முழுதும் ஒருசேர மடிந்தது. குழி வெட்டிப் புதைக்கவும் சோம்பிய தம்பி, அன்று விடியலில் மடையைத் திறந்து, உப்பும் மருந்தும் அழுகலும் கலந்த கருங்குழம்பை உடன்பிறந்தாளின் வயலுக்கே ஓடவிட்டான். கதிர் ஈனும் பருவத்துப் பயிர், புழு நெளியும் கசட்டில் கழுத்தளவு மூழ்கி நின்றது.

கண்ட அக்காள் கதறவில்லை. இரு கையாலும் அக்கசட்டை அள்ளி, விரலிடையே வழுவழுத்து ஒழுக ஒழுகத் தம்பியின் வீட்டுக்கு நடந்தாள். புதுக்குட்டைகளுக்குக் கூட்டாளியாக வந்த விருந்தினரோடு அவன் உண்டுகொண்டிருந்தான். அவன் தட்டிலேயே கொட்டினாள்.

"தின்னு. நீ வளர்த்ததுதானே."

"என்னக்கா இது, ஆளுங்க இருக்காங்க! வெயிலுக்குச் செத்துப்போச்சு. வானம் கெட்டுப்போனா நான் என்ன பண்றது?"

"வானமா வந்து மடையைத் திறந்துச்சு?"

"ஒரு மழை பெஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும். சும்மா ஊரைக் கூட்டாத."

விருந்தினருள் ஒருவன் மூக்கைப் பொத்தியவாறே நகைத்தான். வேறு தட்டு கொண்டுவரச் சொல்லி மனைவியைக் கூவினான் தம்பி. அவளோ கொல்லைவழியே மண்வெட்டியோடு போய், முழங்காலளவு அழுகலில் நின்று, குமட்டிக் குமட்டி மடையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காள் அங்கு வந்தபோது அவள் நிமிராமலே சொன்னாள்: "திறக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் அண்ணி. கேக்கல. அந்த வீட்டுச் சோறு இனி எனக்குத் தொண்டையில இறங்காது."

அக்காள் அருகே குனிந்து, வெறுங்கையால் மண் அள்ளிப் போட்டாள்.

மடை அடைபட்டது, வயல் மீளவில்லை. பின்னர் மழையும் வந்தது. ஆனால் ஓராண்டு மழை ஒரே பகலில் ஊழிபோல் கொட்டி, வளமான மேல்மண்ணை வாரிக் கடலில் சேர்த்து, ஆழத்தில் ஊறிய உப்பை மட்டும் விட்டுச்சென்றது. வெயில் மீண்டதும், சீழ் உலர்ந்த புண்ணென நிலம் வெண்பொருக்குப் பூத்தது. தம்பியோ, வாய் துடைத்த கையோடு, தொலைவில் வேறொரு நல்வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தோண்டலானான். தான் கெடுத்ததை விண்மேல் ஏற்றிப் பழி துடைக்கும் அத்தகையோரினும் அழுகிய இறால் தூயது. அது செத்தபின்னரே நாறிற்று. அவனோடு போக மறுத்த மனைவியும் அக்காளும் இன்று ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். சொந்த நிலம் கண்ணெதிரே புல்லும் முளையாது கிடக்க, விடியுமுன் எழுந்து பிறர் வயலுக்குக் களை பறிக்கப் போகின்றனர்.