பழுக்காத புண்

மருதப்பனுக்கு ரத்தம் பார்க்கிற வேலை. சங்கரன்கோவில் ரதவீதியில் ஒரு தனியார் கிளினிக்கின் பின்னறைதான் அவனுடைய லேப். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, நான்கைந்து சாயப் புட்டிகள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது என்று கம்பவுண்டர் கேலி செய்வார்.

1979இல் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் டாக்டர் ஷம்சாத் பேகம் அவனைத் தேடி வந்தார். கடையநல்லூர்க்காரர், ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். மருதப்பன் முன்பு அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன்.

"காயம் பட்டா வெள்ளை அணுக்கள் ரத்தத்துல இருந்து வெளிய வந்து அந்த எடத்துக்கு ஓடுதுல்லா? கஞ்சா குடிக்கிறவங்களுக்கு அந்த ஓட்டம் மந்தமாவுதான்னு பாக்கணும் மருதப்பா. வெளிநாட்டுல சில பேரு ஆமாங்காங்க, சில பேரு இல்லைங்காங்க. ஒனக்கு ஆளுகளத் தெரியும். ஒன்ன நம்புவாங்க."

செய்முறை எளிதுதான். முன்கையில் மேல்தோலைப் பிளேடால், ரத்தம் வராத அளவுக்குச் சுரண்டி, அதன்மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து ஒட்ட வேண்டும். காயத்துக்கு வருகிற வெள்ளை அணுக்கள் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். நாலு மணி நேரம் கழித்து எடுத்துச் சாயமேற்றி எண்ணினால் எத்தனை வந்தன என்று தெரியும்.

ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். கஞ்சா என்றாலே எல்லாருக்கும் போலீஸ் பயம். முதலில் சம்மதித்தவர் மருதப்பனின் அத்தான் ஆவுடையப்பன். அக்கா கோமதியின் புருஷன். விசைத்தறி ஓட்டுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் தறியில் மாட்டித் தோள்பட்டை நழுவியதிலிருந்து வலி அவரை விடவில்லை. மாத்திரைகள் கேட்காத வலிக்குக் கஞ்சா கேட்டது. தினமும் மூன்று வேளை தறிக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் புகைத்துவிட்டு வருவார். கோமதி சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். வலியில் அவர் முனகுவதைக் கேட்பதைவிட இது தேவலை என்று அவளுக்கும் ஒரு நினைப்பு.

"இதுனால எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா மாப்ளே?" என்று கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது அத்தான். கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

அவரே தறிக்கூடத்தில் பேசி மேலும் பத்துப் பேரைக் கூட்டி வந்தார். கஞ்சாவைத் தொடாத பதினோரு பேரையும் மருதப்பன் தேடிப் பிடித்தான். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் லேப் முழுக்க ஆட்களும் சிரிப்புமாக இருந்தது.

தொடாதவர்களின் கண்ணாடியில் அணுக்கள் தேரோட்டக் கூட்டம்போல நெருக்கியடித்துக் கிடந்தன. கஞ்சா குடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவு. இரண்டு பேருக்கு மட்டும் வித்தியாசமே இல்லை. ஆவுடையப்பனுடைய கண்ணாடியைத்தான் அவன் மூன்று தடவை பார்த்தான். சாயம் சரியாக ஏறவில்லையோ என்று மறுவாரம் இன்னொன்று வைத்து எடுத்தான். அதிலும் அப்படியே. விரல்விட்டு எண்ணிவிடலாம் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

கணக்கெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினான். அத்தானைப் பற்றித் தனியாகவும் எழுதினான். பத்து நாளில் பதில் வந்தது. 'வேலை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் பதினோரு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கஞ்சாவால்தானா, சாப்பாட்டுக் குறைவாலா என்றுகூடத் தெரியவில்லை. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.'

நியாயமான பேச்சாகத்தான் அவனுக்குப் பட்டது. கடிதத்தை மடித்து வைத்தான்.

ஐப்பசியில் நல்ல மழை. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஆவுடையப்பனின் பாதத்தில் உடைமரத்து முள் ஏறிவிட்டது. சேற்றோடு பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கோமதி காலைக் கழுவி, கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் போட்டாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான்.

நாலாம் நாள் மருதப்பன் போனபோது அத்தான் காலை நீட்டிக் காட்டினார்.

"பாத்தியா மாப்ளே, எவ்வளவு ஆழத்துக்கு ஏறுன முள்ளு! ஒரு பொட்டு சீழு இல்ல. பழுக்கவே இல்ல. ஒங்க அக்கா போட்ட மண்ணு அப்படி."

பக்கத்தில் நின்ற கோமதிக்கு முகமெல்லாம் பெருமை.

மருதப்பன் குனிந்து பார்த்தான். சிவப்பில்லை, வீக்கமும் அதிகமில்லை. காயத்தின் ஓரம் மட்டும் ஈரமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டபோது அத்தானின் கால் சூடாக இருந்தது. லேப்பில் பார்த்த கண்ணாடியை நினைத்துப் பயந்தான். சீழ் என்பது செத்துக் கிடக்கும் வெள்ளை அணுக்கள். சண்டைக்கு ஆள் வந்தால்தானே பிணம் விழும்?

"ஒரு ஊசி போட்டுருவோம் அத்தான். கிளினிக்குக்கு வாங்க."

"தீவாளிச் சரக்கு தறியில கெடக்குல. முடிச்சிட்டு வாரேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடியில் கண்டதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பேராசிரியர் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் இருந்தது. சொன்னால் அக்கா மறுபடி கஞ்சாச் சண்டையைத் தொடங்குவாள், அத்தான் வலியில் துடிப்பார், எல்லாம் நிரூபணமாகாத ஒன்றுக்காக. "கட்டாயம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

இரண்டாவது நாள் காலையில் அத்தானுக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டது. முழங்கால்வரை கால் கறுத்துவிட்டது. வாடகைக் காரில் தூக்கிப்போட்டுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். காலை எடுப்பதற்கும் நேரம் தாண்டிவிட்டது.

அங்கே ஓர் இளம் டாக்டர் கோமதியிடம் கேட்டார். "புண்ணுல என்னம்மா வச்சீங்க?"

"கோயில் மண்ணு, ஐயா."

"மண்ணையா? மண்ணப் போட்டு ஒரு மனுசனக் கொன்னுட்டியேம்மா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மருதப்பன் அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஆவுடையப்பன் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகும் கோமதி எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிடுவாள். கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவளே சொன்னாள், "நாந்தான் மண்ணப் போட்டேன். நாந்தான் கொன்னேன்."

மருதப்பன் எல்லாவற்றையும் பேராசிரியருக்கு எழுதினான். ஷம்சாத் பேகம் பதில் போடவில்லை. பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். லேப் ஸ்டூலில் உட்கார்ந்து ஆவுடையப்பனின் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"சொல்லாண்டாம்னு எழுதினது நான்" என்றார் கடைசியில். "அது என் தப்பு. ஆனா கஞ்சாவாலதான் இப்படி ஆச்சுன்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியாது மருதப்பா. அதத் தொடாதவங்களும் முள்ளுக்குத்திச் சாவுறாங்க. நமக்கு என்னைக்குமே தெரியாது."

"எங்க அக்காவுக்கும் தெரியாது. ஆனா அவ தெரிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டுச் சாவுதா டாக்டர்."

"அப்ப போய்ச் சொல்லு" என்றார் அவர். "நானும் கூட வரட்டா?"

"வேண்டாம். நான்லா சொல்லணும்."

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். தறிகள் ஓடும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளெதிரே உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னான். கண்ணாடியில் அணுக்கள் வராததை, இரண்டாம் தடவை பார்த்ததை, கடிதத்தை, காலைத் தொட்டதும் தனக்குள் எழுந்த பயத்தை.

"மண்ணால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்க்கா. ஆனா அவருக்குப் புண்ணு பழுக்காதது நல்லதுக்கு இல்லைன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒனக்குத் தெரியாது. நீ நல்லதுன்னு நெனச்சுச் செஞ்ச."

கோமதி அவனையே பார்த்தாள்.

"எப்ப பாத்த அந்தக் கண்ணாடிய?"

"ஆவணியில."

"ரெண்டு மாசம்." குரல் உயரவில்லை. "அன்னைக்குக் கால நீட்டிக் காமிச்சாரே, அப்பமும் தெரியும்?"

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவர இழுத்துக்கிட்டாவது வந்திருப்பேன்ல. கால்ல விழுந்தாவது கூட்டியாந்திருப்பேன்."

அவனுக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள். பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பழைய சோற்றில் உப்புப் போட்டுக் கரைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக மெல்ல மெல்லத் தின்றாள். பல நாள் பட்டினி கிடந்தவள் வட்டில் காலியாகும்வரை தின்பதைக் கதவோரம் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்தவள் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தத் தையிலேயே கோமதி தறிக்கூடத்துக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நன்றாகத் தேறிவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். கடைவீதியில் எதிரே வரும்போது மருதப்பன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பான். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியாது. முன்பின் அறியாத ஒருவரைக் கடந்துபோவது போலப் போய்க்கொண்டிருப்பாள்.