பத்து மில்லிநொடிப் பெருமை

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலையிலேயே வெயில் சுட்டெரித்தது. பிற்பகலாகியும் பட்டினப்பாக்கத்துக் கடற்காற்று தியாகராய நகரை எட்டிப் பார்க்கவில்லை.

ஆயினும் அங்கே கணினிப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் உம்மே ஹானியின் உள்ளம் கொதித்தமைக்கு வெயில் காரணமன்று. கல்லூரி ஒன்றின் இருபது பழைய மடிக்கணினிகளில் தரவைச் சேமிக்கும் வட்டுக்கான புதிய சாக்கெட்டுகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்துப் பொருத்தியவள் அவள். இயக்கியதும் முதலில் விழித்து உறுப்புகளைக் கண்டறியும் ஃபர்ம்வேரை, எவரும் திருத்தக்கூடிய திறந்த மூல நிரலிலிருந்து அமைத்தவர் மயிலாப்பூர்ப் பொறியாளர் பரத்வாஜ். இருபதிலும் வட்டு தென்படவில்லை. உடனே அவர், உலகமே படிக்கும் அந்நிரலின் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டார்: "காரணம், சென்னை உம்மே ஹானி பட்டறையின் மோசமான சால்டரிங்."

பதினோராண்டு உழைப்பை ஒரே வரியில் கவிழ்த்தவர், இப்போது அவள் மேசைக்கு எதிரே தம் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தார்.

"இதுவும் அதே மாடல், அதே ஃபர்ம்வேர். ஆனா இது கம்பெனி சாக்கெட், மேடம். ஆத்துல பத்து தடவை பாத்துண்டுதான் வந்தேன். டிஸ்க் அழகா வரது."

"இருபதுலயும் ஒரே மாதிரி தப்பா வச்சேனா? இன்னா சார், பந்தயம் கட்டிக்கினா வச்சேன்? நீங்க எப்டி டெஸ்ட் பண்ணீங்க?"

"ரீஸ்டார்ட் பண்ணித்தான்."

"ஒரு தபாகூட ஆஃப் பண்ணலியா?"

"நான் எதையும் ஆஃப் பண்றதில்லை. தெறந்து வச்சதெல்லாம் போயிடுமே!"

ஹானி அவருடைய கணினியை அணைத்தாள். ஒரு நிமிடம் பொறுத்து இயக்கினாள். வட்டு இல்லை என்றது திரை. மறுதொடக்கம் செய்தாள். வட்டு வந்தது.

"இந்த சாக்கெட் மேல என் கையே படல, சார்."

பரத்வாஜ் நிரலைத் திறந்தார். மின்சாரம் பெற்ற வட்டு விழித்தெழ நூறு மில்லிநொடி காத்திருக்க வேண்டிய இடத்தில், பத்து என்றிருந்தது. விரைவாகத் தொடங்குகிறது எனப் பெருமை பேசுவதற்காக அவரே குறைத்த எண். மறுதொடக்கத்தில் மின்சாரம் அறுபடாது. வட்டு விழித்தபடியே இருக்கும். ஆகவே அவர் பிழையைக் கண்டதேயில்லை.

"நூறாக்கிட்டேன். சரியாயிடும்."

"டிஸ்க் சரியாவும். என் பேரு?"

"அந்த வரியை அழிச்சுடறேன், மேடம்."

"அழிச்சா? படிச்சவன் மண்டையிலேர்ந்தும் அழிப்பீங்களா? அதே எடத்துல, கீழயே எழுதுங்க."

"எல்லாரும் பாப்பாளே..."

"அன்னிக்கு மட்டும் கண்ண மூடிக்கினா இருந்தாங்க?"

அவர் தட்டச்சு செய்தார்: "பிழை என்னுடையது. சால்டரிங்கில் குறையில்லை. நிரூபித்தவர் உம்மே ஹானி." அவள் எழுத்துக்கூட்டிப் படித்த பின்னரே அனுப்ப விட்டாள். பக்கத்தில் நேரம் தானாகப் பதிந்தது: பிற்பகல் 3 மணி 42 நிமிடம்.