பிடித்து வைத்த காசு

பவ்ஸானின் ஜனாஸாத் தொழுகைக்கு சாஹுல் ஹமீட் ஹாஜியார் முதல் வரிசையில் நின்றார். நின்றதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு பாடு வந்திருக்காது.

கொண்டச்சிப் பள்ளிவாசல் முற்றத்தில் பவ்ஸானின் உடலோடு சந்தூக்குப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. நாற்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருசம்தான் ஆகியிருந்த ஆள். முதல்நாள் காலையில் சீமெந்துப் பையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார், எழும்பவில்லை. அவருடைய தம்பி நஸார் ஜனங்களுக்கு முன்னால் வந்து, மௌத்தானவருக்காகக் குடும்பத்தவர் சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொன்னான்.

"எங்கட நாநா ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா அதை நான் பொறுப்பேற்கிறன். என்னோட வந்து பேசிக்கொள்ளுங்கோ. வாய்தவறி ஏதும் சொல்லியிருந்தா மாப்புச் செய்யுங்கோ."

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் பேசாமல்தான் நிற்பார்கள். கடன் உள்ளவர்கள் நாலைந்து நாள் கழித்து வீட்டுக்குப் போய்த் தம்பியின் காதோடு சொல்வார்கள். அதுதான் மரியாதை. ஆனால் ஹாஜியாருக்கு அன்று நெஞ்சு உருகிவிட்டது. மன்னார் தீவிலும் முசலிப் பக்கத்திலும் அவர் கொந்தராத்து எடுத்துக் கட்டிய கட்டடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் தரைக்கு மாபிள் பதித்தது பவ்ஸான்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்கு அறுபதாயிரம் தரவேணும். அல்லாஹ்வுக்காக விட்டிட்டன். ஹலாலாக்கிட்டன்!"

கண்ணீர் பொய்க் கண்ணீர் அல்ல. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்பைக் கொடுக்கிற மனிதருக்கு இவ்வளவு பெரிய தொண்டை எதற்கு என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் மன்னார் கந்தோருக்கு வந்தவர் கதிரையில் உட்காருவதற்கு முன்பே கணக்குப் பார்க்கிற வேணுஜாவைக் கூப்பிட்டார். வெள்ளாங்குளத்துப் பிள்ளை; பட்டினத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறாள். "பிள்ள, பவ்ஸானுக்குக் குடுத்த அட்வான்ஸ் அறுபதாயிரத்தை அழிச்சு விடுங்கோ. இனி அந்தக் காசு வேணாம்."

வேணுஜா கணினியில் அதை அழித்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப ஹாஜியார், அவருக்கு நாங்கள் குடுக்க இருக்கிற ரிடென்ஷன்?"

கொந்தராத்துத் தொழிலில் இப்படியொரு நடைமுறை. மாபிள் பதிக்கிறவரும் வயர் இழுக்கிறவரும் பில் கொடுக்கும்போதெல்லாம் முதலாளி நூற்றுக்குப் பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். வேலை முடிந்து ஒரு வருசம் போய், வெடிப்போ ஒழுக்கோ இல்லையென்று கண்டால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுதான் ரிடென்ஷன். கொழும்பில் இருக்கும் மகன் வாங்கிப் போட்டுக் கொடுத்த சொப்ட்வெயர் ஒவ்வொருவருக்கும் பிடித்ததை வேறாக எழுதி வைத்துக்கொண்டே வரும். ஹாஜியாரின் தலை அப்படி எழுதி வைப்பதில்லை. அவருக்கு அது கையில் கிடக்கிற காசு. சீமெந்துக்கும் கம்பிக்கும் அவசரமென்றால் அள்ளி எடுக்கிற காசு. அதைக் கடன் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சத்தியமாக, ஜனாஸாவில் நின்றபோதும் நினைவுக்கு வரவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"மூண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். பள்ளிக்கூட மாடிக் கட்டட வேலை. வருசம் முடிஞ்சுது, ஒரு பழுதும் இல்ல எண்டு பள்ளிக்கூடத்தார் எழுதித் தந்திட்டினம். எங்களுக்கு வரவேண்டியதும் போன மாசம் வந்திட்டுது."

ஹாஜியார் அப்போதுதான் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். கடனைக் கொடுக்க இருந்தது அவர். கடன்காரன் என்று ஊருக்கு முன்னால் பேர் வாங்கியது வெள்ளைத் துணிக்குள் கிடந்த பவ்ஸான்.

வேணுஜா அன்றைக்கே விடுவிப்புப் பில்லைப் போட்டாள். பிடித்து வைத்த இடத்திலிருந்து காசை எடுத்துக் கொடுக்கவேண்டிய இடத்துக்கு மாற்றுவது அவள் வேலை. கடைசி அனுமதி ஹாஜியாரின் போனில். டிங் என்று சத்தம் வந்தது. பவ்ஸானின் பெயர், தொகை, கீழே இரண்டு பொத்தான்கள்: அனுமதி, பிறகு. ஹாஜியார் பிறகு என்பதை அழுத்தினார்.

காசு இல்லாமல் அல்ல. தலைமன்னாரில் நடந்த வீட்டு வேலைக்கு வாங்க இருந்த கம்பியை ஒரு மாசம் தள்ளிப்போட்டால் போதும். வெட்கம்தான் கையைப் பிடித்தது. இப்போது காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சனம் என்ன கேட்கும்? "அப்ப அண்டைக்கு மாப்புக் குடுத்தது என்ன கூத்து?" என்று கேட்கும். சூடு ஆறட்டும், நாலு மாசம் போகட்டும், சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டார்.

சொப்ட்வெயருக்கு வெட்கம் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் அதே பெயரைக் கொண்டுவந்து காட்டியது. அவரும் ஒவ்வொரு கிழமையும் பிறகு என்பதையே அழுத்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் கதீப் தன் பிரசங்கத்தில் கடனைப் பற்றிப் பேசினார். "எங்கட ஊர் ஜனாஸா ஒண்டில, மௌத்தானவர்ட கடனை நிண்ட நிலையில மாப்புச் செய்த ஒரு மனிசரை அல்லாஹ் காட்டித் தந்தான்" என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருடைய கண்ணும் ஹாஜியார் பக்கம் திரும்பியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன பணிவு என்று பக்கத்திலிருந்தவர் அவருடைய முழங்காலைத் தொட்டு, தனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கச் சொன்னார். ஹாஜியாருக்கு அந்த இடத்திலேயே எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. இரண்டு ரக்அத் தொழுதார். என்ன ஓதினார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டு மாசம் போன பிறகு ஒரு காலையில் நஸார் கந்தோருக்கு வந்தான். அவனும் மாபிள் வேலைதான். நாநாவோடு சோடியாக வேலை செய்தவன். உள்ளே வந்து சலாம் சொல்லி, கடித உறை ஒன்றை மேசையில் வைத்தான்.

"அறுபதாயிரம் இருக்கு, ஹாஜியார்."

"என்னத்துக்கு இது? நான்தான் விட்டிட்டன் எண்டு சொன்னனானே!"

"ஓம், அது உங்கட நல்ல மனசு. ஆனா மதினி வேணாமெண்டு சொல்லிட்டா. பள்ளிவாசல் முத்தத்தில மாப்பு வாங்கின ஆள்ட பிள்ளைகள் எண்டு நாளைக்கு ஒரு பேர் வேணாமாம். நாநாட மாபிள் வெட்டுற மெசினையும் மோட்டார் சைக்கிளையும் வித்துத்தான் எடுத்தம்."

"மெசினைக் குடுத்திட்டியா? அப்ப நீ?"

"இன்னொராளுக்குக் கீழ கூலிக்குப் போறன்." நஸார் சிரிக்கப் பார்த்தான். "கை இருக்குத்தானே."

ஹாஜியார் உறையைத் தொடவில்லை. கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். பக்கத்து மேசையிலிருந்த வேணுஜாவுக்கு ஜனாஸாவில் நடந்ததும் தெரியாது, கதீபின் பேச்சும் தெரியாது. காசு வந்தால் பற்றுச்சீட்டு எழுதவேண்டும். அவளுக்குத் தெரிந்தது அதுதான். திரையில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஹாஜியார், இதை எதுக்குள்ள போடுறது? அந்த அட்வான்ஸைத்தான் நாங்கள் அழிச்சிட்டமே. இவையளிட்ட வாங்கிறதுக்கு இப்ப ஒண்டும் இல்ல. நாங்கள்தான் குடுக்க இருக்கு."

ஹாஜியார் அவள் பக்கம் திரும்பினார். வேணுஜாவுக்குத் தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று முகம் வெளிறிவிட்டது. பிழை அவளுடையதல்ல.

ஹாஜியார் நஸாரின் முகத்தைப் பார்த்தார். அவன் கத்துவான், மேசையில் அடிப்பான், அப்படி ஏதும் செய்தால் தனக்கும் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று நினைத்தார். நஸாரோ மெதுவாகத்தான் பேசினான்.

"தெரியும், ஹாஜியார். பத்து வீதம் பிடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா? எவ்வளவு எண்டுதான் நாநா சொல்லேல்ல."

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கேல்ல?"

"எப்பிடிக் கேக்கிறது? அவ்வளவு சனத்துக்கு முன்னால எங்களுக்கு மாப்புத் தந்த மனிசரிட்ட வந்து, எங்கட காசைத் தாங்கோ எண்டு எந்த வாயால கேக்கிறது?"

ஹாஜியாருக்கு விளங்கியது. தன்னுடைய வெட்கத்தைத் தான் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மாசமும், இவர்கள் தங்கள் வெட்கத்தோடு இருந்திருக்கிறார்கள். அவர் உரத்துச் சொன்ன ஒரு சொல் இவர்களுடைய வாயைத் தைத்துவிட்டது. போதாக்குறைக்கு மெசினும் போய்விட்டது.

போனை எடுத்தார். பவ்ஸானின் பெயர் அங்கேயே இருந்தது. அனுமதி என்பதை அழுத்தினார். எவ்வளவு சின்னப் பொத்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பவ்ஸானின் வங்கிக் கணக்குக்கு இனிப் போட முடியாது என்று வேணுஜா சொன்னாள். பள்ளிவாசலில் கடிதம் எடுத்து, மனைவி முஸ்பிராவின் பெயருக்குக் காசோலை எழுதுவதென்று முடிவாயிற்று. வாரிசுப் பங்கைப் பிறகு பள்ளிவாசலில் பிரித்துக் கொடுப்பார்கள். உறையை நஸாரின் சட்டைப் பைக்குள் ஹாஜியாரே திணித்தார். மெசினை வாங்கிய ஆளைத் தேடி அன்று மாலையே ஆள் அனுப்பினார். அந்த ஆள் மெசினோடு வேறு மாவட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் கொண்டச்சிப் பள்ளிவாசலில் ஹாஜியார் எழும்பினார். இந்த முறை தொண்டை சரியாக வரவில்லை. பின்வரிசைக்காரர் முன்னால் நெருங்கி வந்து கேட்கவேண்டியிருந்தது. "அண்டைக்கு நான் மாப்புக் குடுத்தனான். அந்த நேரம் பவ்ஸான்ட காசு இதைவிடப் பலமடங்கு என்ட கையில இருந்தது. கடன்காரன் நான்தான். இதை ஜனாஸாவுக்கு வந்த எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்றார். போனமுறை முழங்காலைத் தொட்டவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

அங்கிருந்து நஸாரோடு முஸ்பிராவின் வீட்டுக்குப் போனார். அவள் கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள். நஸார் முன்கூடத்தில் ஒரு கதிரையைப் போட்டான். அறைக் கதவில் தொங்கிய சீலைக்கு அந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. காசோலையை நஸார் சீலைக்குள் நீட்டினான். ஒரு கை வாங்கியது.

"மகள்," என்றார் ஹாஜியார், "காசு முழுக்க இருக்கு. நான் அதுக்கு வரேல்ல. உங்கட மாப்பிள்ளை பவ்ஸான்ட ஹக்கை, அவருக்குச் சேரவேண்டிய காசை, வச்சுக்கொண்டு, அவரைக் கடன்காரன் எண்டு சனத்துக்கு முன்னால சொன்னனான். தெரிஞ்ச பிறகும் ரெண்டு மாசம் பேசாம இருந்தனான். எனக்கு மாப்புத் தரவேணும்."

அவள் அழுகிறாளோ என்று ஹாஜியார் நினைத்தார். அவள் பேசியபோது குரலில் அழுகை இல்லை.

"ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்குத் துஆச் செய்தனான், ஹாஜியார். எங்கட கடனை விட்ட மனிசர் எண்டு. பிள்ளைகளையும் செய்யச் சொன்னனான்."

ஹாஜியார் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"அந்தத் துஆவை நான் திருப்பிக் கேக்கேல்ல," என்றாள் முஸ்பிரா. "என்ட பங்குக்கு மாப்புத் தந்திட்டன். மனசாரத்தான் சொல்றன். ஆனா இது எனக்கு மட்டும் உள்ள காசில்ல. மூண்டு பிள்ளைகளுக்கும் பங்கிருக்கு. அவங்கட வாப்பாட பேருக்கு வந்த குறையும் அவங்களுக்குரியது. அவங்களுக்காக மாப்புச் சொல்ல எனக்கு உரிமையில்ல. விளங்கிற வயசு வந்த பிறகு அவங்கள்தான் சொல்லவேணும். வந்து கேளுங்கோ. நான் தடுக்கமாட்டன்."

நஸார் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் சொன்னது மார்க்கத்தில் உள்ளதுதான். ஹாஜியாருக்கும் அது தெரியும். பிடித்து வைக்கிறதென்றால் என்ன என்று ஆயுள் முழுக்கப் பிடித்து வைத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

"கடைசிப் பிள்ளைக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"நாலு."

ஹாஜியாருக்கு அறுபத்தெட்டு முடிந்திருந்தது. சீனி வருத்தமும் இருந்தது, பிரஷரும் இருந்தது.

"அதுவரைக்கும் நான் இருப்பனோ தெரியாது, மகள்."

சீலை கொஞ்சம் அசைந்தது. அவள் எழும்பிவிட்டாள்.

"அப்ப சுகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கோ, ஹாஜியார்."